வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சோலார் வேண்டும்? நீங்களே கணக்குப் போடலாம்

சோலார் போடலாம் என்று நினைத்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "3 கிலோவாட் என்ன விலை?" என்பதுதான். உங்கள் வீட்டுக்கு 3 கிலோவாட் தேவையா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். அதற்குக் கடைசி ஆறு கரண்ட் பில்லும் ஒரு பேனாவும் போதும். தமிழ்நாட்டில், இரண்டு மாதத்துக்கு சராசரியாக 620 யூனிட் ஓடும் ஒரு வீட்டை வைத்து இங்கே கணக்குப் போடுகிறோம்.

படி 1: பில்லைக் குறைக்கவா, கரண்ட் கட்டைச் சமாளிக்கவா?

ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் சோலாருக்குப் பேட்டரி கிடையாது. பகலில் மிஞ்சும் மின்சாரம் நெட் மீட்டர் (லைனிலிருந்து வருவதையும் லைனுக்குப் போவதையும் கணக்கெடுக்கும் மீட்டர்) வழியாக லைனுக்குப் போய், பில்லில் கழியும். ஆனால் கரண்ட் போனால், உச்சிவெயில் அடித்தாலும் இதுவும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரிலேயே (பேனல் தரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் கருவி) இருக்கும் பாதுகாப்பு அது. இது தெரியாமல் போட்டுவிட்டு முதல் கரண்ட் கட்டில் ஏமாந்துபோகிறவர்கள் பலர்.

இரண்டும் வேண்டுமென்றால் ஈபி லைன், பேனல், பேட்டரி மூன்றையும் சேர்த்து நடத்தும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் உண்டு, விலை அதிகம். கட் எப்போதாவதுதான் வருகிறது என்றால், பில்லுக்கு ஆன்-கிரிட், கட் நேரத்துக்குத் தனியாக ஒரு சிறிய இன்வெர்ட்டர்-பேட்டரி என்று பிரித்து வைப்பதே நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும்.

படி 2: கிலோவாட் கணக்கு

வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். இலவசமாக வருவதை ஈடுகட்டப் பணம் போட வேண்டாம். மீதி 520 யூனிட். 60 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 8.7 யூனிட். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 8.7 ÷ 4 = 2.2 கிலோவாட். கோடையில் இதைவிடக் கூடும், ஐப்பசி கார்த்திகை மழையில் நன்றாகக் குறையும். ஆகவே ஒரே ஒரு பில்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பேனலும் மாடியும்

550 வாட் பேனல் நான்கு போட்டால் 2.2 கிலோவாட். இதற்கு 2 கிலோவாட் இன்வெர்ட்டரே போதும். வெயிலில் பேனல் 65 டிகிரி வரை சூடாகும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைவதால், 550 வாட் பேனல் அந்நேரம் 475 வாட் அளவில்தான் தரும்.

ஒரு பேனல் சுமார் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். நான்குக்கும் 110 சதுர அடிக்கு மேல் ஆகும். நடக்க, கழுவ இடம் விட்டால் 200 சதுர அடி வேண்டும். தெற்குப் பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வு. இதைவிடத் தட்டையாக வைத்தால் கீழ் விளிம்பில் தண்ணீர் தங்கி, அழுக்குப் பட்டையாகப் படியும்.

நிழலைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மார்கழியில் காலை 9 மணிக்கு, 1 மீட்டர் உயரக் கைப்பிடிச் சுவரின் நிழல் ஒன்றரை மீட்டர் நீளும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை இரண்டையும் காலை 9, மதியம், மாலை 3 என மூன்று வேளை பார்த்து, நிழல் விழும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போடுங்கள். பேனல்கள் வரிசையாக இணைக்கப்படுவதால், ஒன்றின் ஓரத்தில் விழும் நிழலும் மொத்த வரிசையின் உற்பத்தியைக் குறைக்கும்.

படி 4: கட் நேரத்துக்கான பேட்டரி

3 சாதாரண ஃபேன் (75 வாட் வீதம் 225), 5 எல்இடி பல்பு (45), டிவி (60), வைஃபை ரௌட்டர் (10): மொத்தம் 340 வாட். 4 மணி நேரத்துக்கு 1360 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்புக்காக 0.85ஆல் வகுத்தால் 1600. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இறக்கினால் ஆயுள் குறையும். ஆக 3200 வேண்டும். 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றில் இருப்பது 1800தான், இரண்டு வாங்க வேண்டும்.

அதே மூன்று ஃபேனையும் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றிவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். 205 வாட், 4 மணி நேரத்துக்கு 820, இழப்போடு 965. 12.8 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பேட்டரியில் 80 சதவீதம் எடுத்தாலே 1024 கிடைக்கும். ஒரே பேட்டரியில் முடிந்துவிடும். பேட்டரிக்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள் என்று சொல்வது இதனால்தான். மோட்டாரை இந்த லைனில் சேர்க்கவே வேண்டாம். ஸ்டார்ட் ஆகும்போது அது பல மடங்கு இழுக்கும்.

இந்தப் பேட்டரியைப் பேனலில் சார்ஜ் செய்ய நினைத்தால் இரண்டு தவறுகளைத் தவிருங்கள். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவிதான் கன்ட்ரோலர். 12 வோல்ட் பேட்டரிக்கு பிடபிள்யூஎம் என்ற சாதாரண வகைக் கன்ட்ரோலர் வைத்து 550 வாட் பேனலைக் கொடுத்தால், பேனலின் 13 ஆம்பியர் பேட்டரியின் 13 வோல்ட்டில் ஓடி, கிடைப்பது 170 வாட்தான். மீதி வீண். பேனலின் கூடுதல் வோல்டேஜையும் பயன்படுத்திக்கொள்ளும் எம்பிபிடி கன்ட்ரோலர்தான் வேண்டும். அடுத்தது வோல்டேஜ். 150 வோல்ட் கன்ட்ரோலரில், திறந்த நிலையில் (எதனுடனும் இணைக்காதபோது) 49.8 வோல்ட் காட்டும் பேனல் மூன்றைத் தொடராகப் போட்டால் 149.4 வரும், சரியாக இருப்பதுபோல் தெரியும். குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும். 20 டிகிரி இருக்கும் மார்கழிக் காலையில் சென்னையிலேயே 151ஐத் தாண்டும், ஊட்டியில் இன்னும் மேலே போகும். கன்ட்ரோலர் எரிந்துபோகும். இரண்டோடு நிறுத்துங்கள்.

படி 5: ஒயர், எர்த், கொட்டேஷன்

பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு 4 சதுர மி.மீ. சோலார் டிசி கேபிள். சாதாரண வீட்டு ஒயரின் மேலுறை வெயிலில் வெடிப்பு விட்டுவிடும். பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறு போட்டால் தொடர்பு சரியாக விழாமல் சூடேறி உருகும். மாடியில் தீப்பிடிக்க இதுவும் ஒரு காரணம். பேனல் பக்க டிசி லைன், வீட்டுப் பக்க ஏசி லைன், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி கட்டாயம் கேளுங்கள்.

பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில் மத்திய மானியம் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் 78,000. மானியம் வேண்டுமானால் பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே தயாரான டிசிஆர் வகையாக இருக்க வேண்டும், போடுபவர் தேசிய இணையதளத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். கொட்டேஷனில் பேனல், இன்வெர்ட்டர் இரண்டின் மாடல், கேபிள் அளவு, ஸ்டாண்ட் உயரம், எர்த் குழி எண்ணிக்கை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். மானியம் பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும் என்பதால், அதைக் கழித்த விலையை மட்டும் காட்டும் கொட்டேஷனை ஏற்காமல், முழு விலையையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.