நீர்விடாத வெள்ளரித் தயிர்ப் பச்சடி

வெயில் நாளில் சொல்லாமல் உறவினர் வந்துவிட்டால் அடுப்பே பற்றவைக்காமல் செய்ய இதுதான் நல்லது. ஆனால் பரிமாறிய பத்தாவது நிமிடம் தட்டெல்லாம் தண்ணீராக ஓடும். தயிரை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. காரணம் உப்பு. வெள்ளரியில் ஏறக்குறைய 95 சதவீதம் நீர்தான். உப்புப் பட்டதும் வெளியே வந்துவிடும். காயைத் தயிரில் சேர்க்கும் முன்பே அந்த நீரை வரவழைத்துவிட வேண்டும்.

ஆறு பேருக்கு அரை கிலோ வெள்ளரி. காம்புப் பக்கம் ஒரு துண்டு தின்று பாருங்கள்; காய் முழுக்கக் கசந்தால் தள்ளிவிடுங்கள். நீளவாக்கில் பிளந்து, விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்தெடுத்து, பொடியாக நறுக்குங்கள். துருவினால் கூழாகிவிடும். முக்கால் டீஸ்பூன் உப்புப் பிசறி, வடிதட்டில் 20 நிமிடம் வைத்து, கையால் அழுத்திப் பிழியுங்கள். பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

கெட்டித் தயிர் 300 கிராம். மிக்ஸியில் அடித்தால் நீர்த்துவிடும். கரண்டியால் கலக்கினால் போதும். பிழிந்த வெள்ளரி, மிளகுத்தூள், கிள்ளிய புதினா சேர்க்கவும். ருசி பார்க்காமல் மறுபடி உப்புப் போடாதீர்கள், காயிலேயே இருக்கும். வெங்காயம் போடுவதானால் பரிமாறும்போதுதான். நறுக்கி வைத்தால் வாடை ஏறும்.