அம்மம்மாவுக்கு இரும்புக் குளிசை வாங்குமுன்

"வயது போனால் களைப்பு வரும்தானே" என்று விட்டுவிடுவதுதான் வன்னி வீடுகளில் நான் அதிகம் காணும் தவறு. கிணற்றடிக்குப் போய்வர மூச்சு வாங்குகிறது, கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருக்கிறது, எழும்பினால் தலை சுற்றுகிறது. பழியெல்லாம் வயதின் தலையில்! ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதியவர்களுக்கென்று அதில் தனித் தளர்வு கிடையாது.

அடுத்தது இன்னும் பாரதூரமானது: இரத்தம் குறைவு என்றதும் பாமசியில் இரும்புக் குளிசை வாங்கிக் கொடுப்பது. முதியவரின் உடலில் இரும்பு குறைந்தால், எங்கோ இரத்தம் கசிகிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் விழுங்கும் வலிக்குளிசை, இதயத்துக்கு எடுக்கும் அஸ்பிரின், இரைப்பைப் புண், கொழுக்கிப்புழு, சிலருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று கசிவுக்குக் காரணம் பல. குளிசை போட்டதும் களைப்பு சற்றுக் குறையும், வீட்டாரும் நிம்மதியடைவார்கள், கசிவு நிற்காது. இரும்புக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கும். உள்ளே இரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கக்கூடும். அதனால் குளிசை தொடங்குமுன்பே மலம் கறுப்பாகப் போனதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் பலரை வாட்டுகிறது. அதுவும் இரத்தத்தைக் குறைக்கும். பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு உள்ளவர்களும் இருக்கிறார்கள். உடலிலுள்ள இரும்பின் இருப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையைச் செய்யாமல் ஊகத்தில் குளிசை கொடுத்தால், தேவையற்ற இரும்பு உடலில் சேரக்கூடும். எதனோடும் பிணையாமல் மிஞ்சும் இரும்பு, உடலில் இயல்பாக உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, உயிரணு மென்சவ்வையே அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். ஒட்சியேற்ற அழுத்தம் என்பது இதைத்தான். வேதனை என்னவென்றால், இரும்பு குறைந்தாலும் செங்குருதிக் கலங்கள் இதே தாக்கத்துக்கு எளிதில் இரையாகின்றன. இரு பக்கமும் பள்ளம்.

சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதையும் நிறுத்த வேண்டும். தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது கழியட்டும். முருங்கையிலைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்து, ஒரு துண்டு குளத்து மீனும் வைத்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். ஆனாலும் குறைந்துபோன இருப்பைக் கீரை மட்டும் நிரப்பாது.

வைத்தியர் குளிசை எழுதினால், சீக்கிரம் தேறட்டும் என்று இரட்டிப்பாக விழுங்கக் கொடுக்காதீர்கள். ஒரு குளிசை போட்டதும் ஏறக்குறைய ஒரு நாளுக்குக் குடல் இரும்பை உள்ளே விடுவதைக் குறைத்துக்கொள்கிறது. மிகுதி வயிற்றைத்தான் புரட்டும். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடவும் கூடாது. இருப்பு நிரம்ப மேலும் மூன்று மாதமளவு செல்லும். கிளினிக் போகும்போது கொப்பியோடு, வீட்டிலுள்ள வலிக்குளிசை அட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.