விரல் பிசகினால் செய்யக் கூடாதவை

வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருளும். நாயனத்தில் துளையை விட்டு எழும்பாது, வீணையில் மீட்டு தவறும். அதே விரல் வேட்டி கட்டும், சோறு பிசையும். பெரும்பாலும் வலி இராது. குறிப்பிட்ட வேலையில் மட்டும் தலைகாட்டும் டிஸ்டோனியா இது, நம் கட்டுப்பாடின்றித் தசை இறுகும் நோய். கோளாறு விரலில் இல்லை, அதை ஆட்டுவிக்கும் மூளையில்.

சாதகத்தைக் கூட்டுவது

தஞ்சை, கும்பகோணம் பக்கம் விரல் பிசகினால் உடனே வரும் யோசனை: "விடியக்காலம் எழுந்து இன்னும் ரெண்டு மணி நேரம் ஊதுப்பா." பயிற்சிக் குறைவால் வந்த பிசகுக்கு அது மருந்து. இதற்கு விஷம். மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனி இடம் உண்டு. ஒரே துரிதப் பிடியை, அதாவது வேகமான ஸ்வரக் கோர்வையை, வருஷக்கணக்கில் அடித்து வாசித்தவர்களில் சிலருக்கு அந்த வரப்புகள் கரைந்து, ஒரு விரலை எடுத்தால் பக்கத்து விரலும் இழுபடும். அந்த நிலையில் ஸ்வரங்களை இரட்டித்து வாசிக்கும் ஜண்டை வரிசையை மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமாக, நூறு தடவை வாசித்தால், தப்பான அசைவைத்தான் நூறு தடவை பாடம் பண்ணுகிறோம். முகூர்த்த மாதம் வருகிறதென்று பிள்ளைகளை இப்படி விரட்டுவதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1960களில் வலது கையின் கடைசி இரு விரல்கள் சுருண்டன. பல்லாண்டுகள் இடது கையால் மட்டும் வாசித்தார். 1990களில் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி கைகொடுத்தது.

பிசகும் பிடியை நிறுத்துங்கள். விரல் சுருளாத மெதுவான வேகத்துக்கு இறங்கி ஐந்து நிமிடம் வாசியுங்கள். சுருளத் தொடங்கியதும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

சீவாளியைக் குறை சொல்வது

இதே டிஸ்டோனியா உதட்டிலும் வரும். நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை மாற்றி, மூன்று நல்ல சீவாளியிலும் அதே ஸ்வரத்தில் உதட்டோரம் காற்று கசிந்தால், சீவாளி மேல் குற்றமில்லை.

மணிக்கட்டில் கத்தி வைப்பது

மரத்துப்போதல், இரவில் எரிச்சல் இருந்தால் நரம்பு அழுத்தமா என்று பார்க்கலாம். இரண்டும் இல்லாமல் அவசரம் வேண்டாம்.

வெறுங்கையோடு மருத்துவரிடம் போவது

சும்மா கையை நீட்டினால் எல்லாம் சரியாகவே தெரியும். நரம்பியல் மருத்துவரிடம் வாத்தியத்தோடு போங்கள். ஒரே பிடியைச் சவுக்கத்திலும் (மெதுவாக) துரிதத்திலும் (வேகமாக) வாசித்து, கை தெரிய இரண்டு நிமிட வீடியோ எடுங்கள். மெல்லிய ரப்பர் கையுறை போட்டும் வாசித்துப் பாருங்கள். சுருள்வது குறைந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அது நல்ல துப்பு.

கச்சேரிக்கு முந்தின வாரம் போட்டாக்ஸ் ஊசியை முதல் தடவை போடுவது

வேண்டாம். எந்தத் தசை, எவ்வளவு அளவு என்பது ஓரிரு தடவை போட்டுப் பார்த்தே பிடிபடும். அளவு கூடினால் நல்ல விரலும் தளரும். ஊசியின் வீரியம் சுமார் மூன்று மாதம் நிற்கும். உதட்டுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது, காற்றுக் கசிவு கூடிவிடும்.