ஆவிக்குரிய வரங்களைச் சபையில் பயன்படுத்துவது எப்படி?

மதுரை செல்லூரில் எங்கள் சபையைச் சுற்றிலும் தறிகள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின்போது அவை ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது அந்த உபவாச ஜெபத்தை நடத்துகிறேன். ஆவியின் வரங்கள், அதாவது பரிசுத்த ஆவியானவர் தருகிற அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், குணமாக்குதல் போன்றவை, இன்றைக்கும் உண்டு என்று முழு மனதோடு நம்புகிறேன். அவற்றைக் கண்டபடி கையாண்டு, வந்த ஜனங்களைக் காயப்படுத்தி அனுப்புவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக அபிஷேகம் பெற்ற, அதாவது ஆவியானவரால் நிரப்பப்பட்ட, பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி சொல்வது: "ஆவியானவர் இறங்கினா என்னால அடக்கவே முடியலக்கா." முடியும் தங்கச்சி. தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கின்றன என்று 1 கொரிந்தியர் 14:32 சொல்கிறது. பேசத் தொடங்கவும், நிறுத்தவும், இன்னொருவருக்கு இடம் விட்டு உட்காரவும் உன்னால் முடியும். எந்த வரத்தைப் பழகுவதற்கும் முன்னால் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அடக்க முடியாது என்று நம்புகிறவரை யாரும் திருத்த முடியாது. அவரும் தன்னைச் சோதித்துப் பார்க்கமாட்டார்.

அந்நியபாஷையில், அதாவது ஆவியானவர் ஏவ, கற்காத பாஷையில் பேசுவதில், முதல் காரியம், மைக். அதைப் பிடித்திருப்பவர் பேசினால் முழு சபைக்கும் பேசுகிறார். வியாக்கியானம் சொல்ல ஆள் இல்லையென்றால் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசட்டும். அர்த்தம் சொல்ல ஆள் இருந்தால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒவ்வொருவராக. கீபோர்டு வாசிக்கிற தம்பியிடமும் சொல்லிவையுங்கள்: ஒருவர் பேசும்போது சத்தத்தைக் கூட்டி ஜனங்களை ஏற்றிவிடக் கூடாது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால், உள்ளே வருகிற அந்நியர் உங்களைப் பைத்தியம் பிடித்தவர்கள் என்பார்களே என்று அதே நிருபத்தில் அப்போஸ்தலன் பவுல் கேட்கிறார். எங்களுக்கு அந்த அந்நியர், பக்கத்துத் தறியிலிருந்து முதல் தடவையாக எட்டிப் பார்க்கிற அம்மாதான். அவருக்குப் புரிகிற ஐந்து வார்த்தை அவரைத் தேற்றும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே இயக்கம் பரவக் காரணமான அசூசா தெருக் கூட்டங்கள் தொடங்கியது 1906இல். அதற்கு 46 ஆண்டு முன்பே, 1860இல், வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் தமிழ் ஊழியர் அருளப்பனின் சபையில் பக்தி எழுப்புதல் உண்டாகி, அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் வெளிப்பட்டன. மதுரைக்குத் தெற்கே, நம் ஊர்ப் பக்கம்தான்.

தேவன் உணர்த்துவதைப் பிறருக்குச் சொல்லும் தீர்க்கதரிசனம்தான் அதிக கவனம் கேட்கிறது. இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க, அதாவது சோதித்துப் பார்க்க, வேண்டும் என்பது வேத ஒழுங்கு. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம். "கர்த்தர் சொல்லுகிறார்" என்று ஒருவர் கையை நீட்டி ஆரம்பித்துவிட்டால், எதிரே நிற்கிற ஏழைப் பெண் எப்படி நிதானிப்பாள்? ஆகவே, "என் உள்ளத்தில் இப்படி உணர்த்தப்படுகிறது, ஜெபத்தோடு நிதானித்துப் பாருங்கள்" என்று சொல்லப் பழகுங்கள். பவுல் எருசலேமில் கட்டப்படுவார் என்று முன்னறிவித்த அகபு என்ற தீர்க்கதரிசி, பரிசுத்த ஆவியானவர் சொல்லுகிறார் என்றுதானே சொன்னார் என்று கேட்பீர்கள். சொன்னார். அதைக் கேட்டும் பவுல் எருசலேமுக்குப் போனார். சகோதரர்களும், கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது என்று அமர்ந்திருந்தார்கள். வார்த்தையைக் கேட்டவரின் தீர்மானத்தை யாரும் பறிக்கவில்லை.

கல்யாணம், நிலம், வெளிநாட்டு வேலை: இந்த மூன்றிலும் "இதைச் செய், இதை விடு" என்று சபை நடுவில் சொல்லக் கூடாது. அப்படி ஒரு பாரம் உள்ளத்தில் இருந்தால் முதலில் போதகரிடமோ மூப்பரிடமோ சொல்லுங்கள்; அவர்கள் சம்பந்தப்பட்டவரைக் குடும்பத்தோடு உட்கார வைத்துப் பேசட்டும். சொன்னதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். சில மாதம் கழித்து எடுத்து வாசித்தால், எது நிறைவேறியது, எது நம் ஆசை என்பது தெரிந்துவிடும். வாலிபப் பெண்களுக்குத் தலையில் கை வைத்து ஜெபிக்கும்போது இன்னொரு சகோதரி கட்டாயம் கூட நிற்கவேண்டும். ஜெபித்தவர் கையில் கவர் கொடுக்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். கொடுக்க விரும்புகிறவர்கள் காணிக்கைப் பெட்டியில் போடட்டும். ஆவியின் வரத்தை விலைக்கு வாங்கச் சீமோன் பணத்தை நீட்டியபோது, பேதுரு அவனைக் கடிந்துகொண்டது நமக்குத் தெரியும்.

குணமாக்கும் வரத்தைப் பற்றி நர்ஸாகவே பேசுகிறேன். எண்ணெய் பூசி, கை வைத்து, விசுவாசத்தோடு ஜெபியுங்கள். "மாத்திரையை நிறுத்து" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். காசநோய்க்கான வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இருமல் நின்றதும் பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாக அது திரும்பி வரலாம், வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். சின்ன வயதிலேயே சர்க்கரை வந்து இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு, சில நாள் ஊசி நின்றாலே ஆபத்து. சுகம் கிடைத்ததென்றால் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்து, அவர் சொன்ன பிறகு மருந்தைக் குறையுங்கள், பிறகு சாட்சி சொல்லுங்கள். இயேசுவே பத்துக் குஷ்டரோகிகளை, சுகமானதைப் பார்த்து உறுதிசெய்கிற ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னாரே! சுகம் வராதவரிடம் "உனக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்வது பெரிய கொடுமை. பவுல் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிக்காரனாகவே விட்டுவந்தார். கூடப் பயணம் செய்த லூக்கா வைத்தியர்.

ரோமர் 12இல் உள்ள வரங்களையும் தேடிப்பிடியுங்கள்: போதிக்கிறது, புத்திசொல்லுகிறது, பகிர்ந்து கொடுக்கிறது, இரக்கம் செய்கிறது. எங்கள் சபையில் தறி ஓட்டுகிற ஒரு அக்கா இருக்கிறார். யாராவது பெரியாஸ்பத்திரியில் சேர்ந்தால், கூட இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவார். எந்த ஸ்கேனுக்கு எங்கே போகவேண்டும், யாரிடம் கேட்கவேண்டும் என்று கூடவே நடப்பார். அவர் மேடை ஏறியதே இல்லை. அதையும் ஆவியின் வரம் என்று போதகர் பெயர் சொல்லி அறிவித்து, இரண்டு வாலிபரை அவரோடு பழக அனுப்பினார். உங்கள் வரம் எது என்று தெரியவில்லையா? சபையில் ஏதாவது ஒரு வேலையைச் சில மாதம் செய்துபாருங்கள். அதனால் யாருக்குப் பாரம் குறைந்தது என்று மூப்பரிடம் கேளுங்கள். உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒருவர் தவறாகப் பேசிவிட்டால் அன்றைக்கே மேடையிலிருந்து கண்டிக்காதீர்கள். அந்த வார்த்தை ஒருவரைப் பயமுறுத்துவதாகவோ மருந்தை நிறுத்தச் சொல்வதாகவோ இருந்தால் மட்டும், "இதை இன்னும் நிதானிக்கவில்லை, யாரும் இதை வைத்து எதுவும் செய்யவேண்டாம்" என்று போதகர் அங்கேயே சபைக்குச் சொல்லிவிட வேண்டும். மற்றபடி, அந்த வாரமே இரண்டு மூப்பர்கள் அவர் வீட்டுக்குப் போய், நோட்டையும் வேதத்தையும் திறந்து வைத்துப் பேசட்டும். கேட்டுக்கொண்டால், அடுத்த வெள்ளிக்கிழமையே அவரை மறுபடி ஜெபிக்கச் சொல்லுங்கள்.