உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்: வயசான வீட்டு நாயும் கைக்குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால்

பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிற நாய் செவலை, போன தை மாதம் என் மகன் கன்னத்தில் வெடுக்கென்று ஒரு கவ்வு கவ்வியது. பல் ஆழமாக இறங்கவில்லை. கீறல்தான், ஆனாலும் ரத்தம் துளிர்த்துவிட்டது. மகனுக்கு அப்போது இரண்டரை வயது. தார்சாவில், அதாவது வீட்டுத் தாழ்வாரத்தில், படுத்திருந்த செவலையின் இடுப்பில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்திருக்கிறான். அதற்கு முன்னால் அது இரண்டு முறை உறுமியதை அடுக்களையில் இருந்த நான் கேட்டேன். சோற்றை வடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றுவிட்டேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் மட்டும் இப்படி வயசான நாயும் தவழுகிற பிள்ளையுமாக நாலைந்து வீடு இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்த தவறுகள்தான் அங்கேயும் நடக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு மாமா செருப்பை எடுத்து செவலையை நாலு சாத்து சாத்தினார்கள். அவர்களே குட்டியாகத் தூக்கிவந்து வளர்த்த நாய். பேரன் கன்னத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் கை தானாக ஓங்கிவிட்டது. அதற்கப்புறம் செவலை உறுமுவதையே நிறுத்திவிட்டது. "பாத்தியா, அடிச்சதும் புத்தி வந்துட்டு" என்று எல்லாரும் நிம்மதியானோம். மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், சத்தமே இல்லாமல் பிள்ளையின் சட்டைக் கையைக் கவ்வி இழுத்தது. சட்டைதான் கிழிந்தது, தோலில் படவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். உறுமல் என்பது நாய் நமக்குச் சொல்லும் சேதி: "எனக்கு முடியல, தள்ளிப் போ." அதை அடித்து அடக்கினால் வலியும் போகாது, பயமும் போகாது, சேதி மட்டும் நின்றுபோகும். போதாததற்கு, இந்தப் பிள்ளை பக்கத்தில் வந்தால் அடி விழுகிறது என்று நாய் பிள்ளையையும் அடியையும் சேர்த்து மனசில் பதித்துக்கொள்ளும். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி நாய் பக்கத்தில் பிள்ளையை விடாதீர்கள். குரைக்கிற நாயும் கடிக்கும், உறுமுகிற நாயும் கடிக்கும். சத்தம் கொடுக்கும்போது நமக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகருங்கள். நாயை ஏசாதீர்கள்.

உறுமலுக்கு முன்பே நாய் பல விதமாகச் சொல்லிப் பார்க்கும். பசி இல்லாதபோது உதட்டை நக்கும். உறக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கும், அப்போது விழியின் வெள்ளை பிறை மாதிரி தெரியும். கடைசியில் உடம்பு கட்டை மாதிரி விறைக்கும். வாலை ஆட்டுகிறதே என்று இருக்கக் கூடாது. உடம்பு விறைத்து, வால் மட்டும் மேலே நின்று ஆடினால் அது சந்தோஷம் இல்லை.

அடுத்த தவறு, "வயசாயிட்டா நாய்க்குக் கோவம் வரும்" என்று விட்டுவிடுவது. வயசு கோபத்தைத் தராது, வலியைத் தரும். சட்டை கிழிந்த மறுநாள் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் பின்னிடுப்பை லேசாக அழுத்தியதும் செவலை திரும்பிப் பல்லைக் காட்டியது. வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் ஒன்று வேரோடு அழுகியிருந்தது. ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்ததை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. காலையில் எழுந்து நிற்கச் சிரமப்படுவது, மார்கழிப் பனியில் நொண்டுவது, டைல்ஸ் தரையில் வழுக்குவது எல்லாம் மூட்டு தேய்ந்ததற்கான அடையாளங்கள். பல்லை எடுத்து, மூட்டு வலிக்கு மருந்து தொடங்கியபின் செவலையின் வெடுவெடுப்பு பாதிக்குமேல் குறைந்துவிட்டது. ஸ்கேன், ஆபரேஷன் என்று பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஆனால் வலிக்கு நாம் போடும் மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். நாயின் எடை பார்த்து டாக்டர் எழுதித் தருவதை மட்டும் கொடுங்கள்.

காதும் கண்ணும் மங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிகளில் பல இங்கேதான் நடக்கின்றன. காது கேட்காத நாய் அயர்ந்து உறங்கும்போது பிள்ளை ஓடிவந்து மேலே விழுந்தால், முழிப்பதற்கு முன்பே வாய் போய்விடும். அது நினைத்துச் செய்வதில்லை. கண்ணில் புரை விழுந்த நாய்க்குச் சாயங்கால மங்கலில் தன்னை நோக்கி வருவது பிள்ளையா வேறு எதுவுமா என்று தெரியாது. இன்னும் சில நாய்களுக்கு மூளையே தளர்ந்துவிடும். ராத்திரியெல்லாம் அலையும், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும், பழகினவர்களையே புதுசாகப் பார்க்கும். எங்கள் வீட்டில் இப்போது யாரும் செவலையைத் தொட்டு எழுப்புவதில்லை. எதிரே போய்க் காலால் தரையைத் தட்டுவோம், அதிர்வு தெரிந்து அதுவாகத் தலையைத் தூக்கும்.

அதனால் நாய்க்கென்று பிள்ளை நுழையாத ஓர் இடம் கட்டாயம் வேண்டும். மாமா ஆசாரியிடம் சொல்லி, பட்டாசல் என்கிற கூடத்துக்கும் புறவாசலுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஓர் அழிக்கதவு போட்டார்கள். அந்தப் பக்கம் நாய்க்குக் காற்றும் நிழலும் உண்டு, நம்மையும் பார்த்துக்கொண்டிருக்கும். வழுக்காமல் இருக்கப் பழைய பத்தமடைப் பாய் ஒன்றை மடித்து, மேலே சாக்கு விரித்திருக்கிறோம். பிள்ளை பிறந்ததும் நாயைக் கொல்லையில் சங்கிலியில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. நாள் பூராவும் கட்டிக்கிடக்கும் நாய் இன்னும் வெடுவெடுப்பாகத்தான் ஆகும். தவழ்ந்து வரும் பிள்ளையிடமிருந்து விலகிப் போகவும் அதற்கு வழி இல்லை. வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் உடம்புச் சூட்டை ஆற்றும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் வாயைக் கட்டிப் போட்டால் உயிருக்கே மோசம். கட்டாயம் தேவையென்றால் கன்றுக்குட்டிக்குப் போடுவதுபோல் வாய் திறந்து மூடவும் தண்ணி குடிக்கவும் இடமுள்ள கூடு போடலாம், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

"நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்" என்று சொல்வோம். ஆனால் கையில் போன் இருக்கும். பார்ப்பது என்றால் பிள்ளைக்கும் நாய்க்கும் நடுவில் கை எட்டுகிற தூரத்தில் உட்காருவது. அது முடியாத நேரத்தில் அழிக்கதவைச் சாத்திவிடுங்கள். குளிக்கப் போகும்போதும், வாசலில் பால்காரர் வந்து நிற்கும்போதும், சோறு வடிக்கும்போதும் சாத்துங்கள்.

துபாயில் இருக்கிற அப்பாவுக்கு அனுப்புவதற்காக, நாய் கழுத்தைக் கட்டிப் பிடிக்கச் சொல்லிப் பிள்ளையைப் போட்டோ எடுப்பது, குதிரை மாதிரி மேலே உட்கார வைப்பது, "முத்தம் குடு" என்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு முகத்திலும் தலையிலும் கடி விழுகிறது.

நாய் தின்னும்போது பிள்ளை அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. பிள்ளை கையில் முறுக்கோடு நடக்கும்போது நாயும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நாய்க்குக் குடல் பூச்சி மருந்து, உண்ணி மருந்து, வருஷா வருஷம் வெறிநோய் ஊசி மூன்றையும் தேதி தவறாமல் பாருங்கள்.

கோயில் கொடைத் திருவிழா, தீபாவளி, மே மாத லீவு இந்த மூன்றும் தனிக் கவனம் எடுக்க வேண்டிய நாட்கள். கொடைக்கு வீடு நிறைய ஆள், வேட்டுச் சத்தம், மேளம், புதுப் பிள்ளைகள் கூட்டம். நன்றாக இருக்கும் நாயே அன்று நிலைகொள்ளாது. வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நம் வீட்டு நாயின் போக்கு தெரியாது. அன்று நாயை உள்ளறையில் தண்ணியோடு விட்டுக் கதவைச் சாத்திவிடுவதே நல்லது.

எல்லாம் பார்த்தும் கடித்துவிட்டால்? அத்தை அன்றைக்கு மஞ்சளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், பச்சிலை எதுவும் வைக்கக் கூடாது. ஓடுகிற தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். 15 நிமிஷம் நீளமாகத்தான் தெரியும், பிள்ளை கத்துவான், விடாமல் கழுவுங்கள். பிறகு நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். "வீட்டு நாய்தான, ஊசி போட்டிருக்கே" என்று தள்ளிப்போடாதீர்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்ப்பதற்காகக் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். அது அங்கே இல்லையென்றால் எங்கே போகலாம் என்று கேட்டு அன்றே போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரும் (முதல் ஊசி போடுகிற நாள்தான் 0). 7ஆம் நாளோடு காயம் ஆறிவிட்டது என்று 28ஆம் நாளை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் நிறுத்தச் சொல்லாமல் நாமாக நிறுத்தக் கூடாது. வெறிநோய் வெளியே தெரிந்தபின் பிழைக்க வைப்பதற்கு வைத்தியம் இல்லை. கடித்த நாயை 10 நாள் கண்ணில் வைத்திருங்கள், கொன்றுவிடாதீர்கள், விரட்டிவிடாதீர்கள். அது நலமாக இருக்கிறதா என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

மனசை உறுத்துகிற இன்னொன்று, கடித்துவிட்டது என்று ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நாயை இறக்கிவிட்டு வருவது. கண் மங்கி, பல் போன கிழட்டு நாய் தெரு நாய்கள் நடுவில் என்ன செய்யும்? பசியிலும் தாகத்திலும் துடிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வைத்தியம் பார்த்தும், இடம் பிரித்தும் சரிப்படாத நாய்களும் இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. அப்படியானால் பிள்ளை இல்லாத சொந்தக்காரர் வீட்டில், அது கடித்ததை ஒளிக்காமல் சொல்லி ஒப்படையுங்கள். எங்கள் சித்தி வீட்டில் அப்படித்தான் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிற தாத்தாவிடம் கொண்டுபோய் விட்டார்கள். விடும்போது அது படுத்த சாக்கையும் சோற்றுச் சட்டியையும் கழுவாமல் அப்படியே கொடுத்துவிடுங்கள். தெரிந்த வாசனை பக்கத்தில் இருந்தால் புது இடத்தில் கொஞ்சமாவது உறங்கும்.