சிறிய சமையலறையை ஒழுங்காக வைத்திருப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

சமையலறையில் இடம் போதவில்லை என்று தோன்றியதும் பலர் முதலில் செய்வது புதிய டப்பாக்களை வாங்கி வருவதுதான். நானும் ஒரே அளவில் பன்னிரண்டு டப்பாக்கள் வாங்கினேன். அலமாரித் தட்டின் உயரத்தை அளக்காமல் வாங்கியதால், ஒரு வரிசைக்கு மேல் அடுக்க முடியாமல் நான்கு விரல் இடம் வீணாகவே கிடந்தது. ஆகவே இந்தச் செய்முறைக்காக எதையும் புதிதாக வாங்க வேண்டாம். அளவு நாடா, இரண்டு பழைய பருத்தித் துணிகள், பாத்திரம் கழுவும் திரவம், ஒட்டுத்தாள், பேனா ஆகியவற்றோடு அரை நாள் அவகாசமும் இருந்தால் போதும்.

முதல் படி: ஒவ்வொரு தட்டாகக் காலி செய்யுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காதீர்கள். சிறிய சமையலறையில் அவற்றை வைக்க இடமிருக்காது, பாதியில் களைத்துப்போய் அப்படியே திணித்துவிடுவோம். ஒரு தட்டை முழுவதுமாகக் காலி செய்து, தினமும் எடுப்பவை, வாரத்திற்கு ஓரிரு முறை எடுப்பவை, எப்போதாவது எடுப்பவை என மூன்றாகப் பிரியுங்கள். மூடி தொலைந்த டப்பாவும் பிடி ஆடும் வாணலியும் எந்தப் பிரிவிலும் சேராது. மூடி கிடைக்கும் என்று காத்திருந்து எனக்குக் கிடைத்ததே இல்லை.

இரண்டாம் படி: பிசுக்கை எடுங்கள்

சமைக்கும்போது ஆவியோடு எழும் எண்ணெய்த் துளிகள் அலமாரிக் கதவிலும் டப்பாக்களின் தலையிலும் படிகின்றன. அவற்றில் தூசி சேர்ந்து, நாளடைவில் காற்றுப்பட்டு இறுகும்போது கோந்து போன்ற பிசுக்காகிவிடுகிறது. இதை வெறும் தண்ணீரால் துடைத்தால் இடம் மாறுமே தவிர நீங்காது. பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் கழுவும் திரவம் சில சொட்டுகள் விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, பிசுக்கின் மேல் பத்து நிமிடம் போர்த்தி வையுங்கள். பிறகு சுரண்டத் தேவையில்லாமல் துணியோடு வந்துவிடும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து நுரை வரவழைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நுரை பார்க்க நன்றாக இருந்தாலும், காரமும் அமிலமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால் மிஞ்சுவது ஏறத்தாழ உப்பு கலந்த நீர்தான். தீய்ந்த அடிப்பிடிப்புக்குச் சோடாவைத் தனியாகக் குழைத்துத் தடவுங்கள். குழாயில் படியும் வெள்ளை உப்புக் கறைக்கு வினிகரைத் தனியாகப் பயன்படுத்துங்கள். ப்ளீச்சை வினிகரோடும் அம்மோனியா உள்ள திரவங்களோடும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.

மூன்றாம் படி: பொருளுக்கு இடம் குறியுங்கள்

அடுப்பின் முன் நின்று, கால் நகராமல் கை எட்டும் தூரத்தைக் கவனியுங்கள். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட அந்த இடம் தினமும் எடுப்பவற்றுக்கு மட்டுமே உரியது. கனமானவை கீழே போகட்டும். எப்போதாவது எடுக்கும் இலேசானவை மேலே போகட்டும்.

ஒரு பொருளை எடுக்க வேறு இரண்டு பொருள்களை நகர்த்த வேண்டியிருந்தால், அது திரும்ப அதே இடத்திற்குப் போகாது, மேடையிலேயே தங்கிவிடும். சிறிய சமையலறைகள் அலங்கோலமாவது பெரும்பாலும் இப்படித்தான். எனவே எடுப்பது எவ்வளவு எளிது என்பதைவிட, ஈரக் கையோடும் அவசரத்தோடும் திரும்ப வைப்பது எவ்வளவு எளிது என்பதை வைத்தே இடத்தை முடிவு செய்யுங்கள். மூடிகளைப் படுக்கப்போடாமல் சாப்பாட்டுத் தட்டுகளைப் போல நிமிர்த்தி நிறுத்துவது இதனால்தான்.

மசாலாப் பொடிகளை அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள். சூட்டில் மணம் போய்விடும். ஆவி புகுந்து பொடி கட்டிதட்டும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுவதும் இதே தவறுதான், கரண்டியால் எடுத்துப் போடுங்கள். எண்ணெய்ப் புட்டியின் அடியில் ஒரு சிறு தட்டு இருந்தால், மேடையில் வட்டமாகப் படியும் அந்தப் பிசுபிசுப்பான தடம் தட்டோடு நின்றுவிடும்.

பெயரை டப்பாவில் ஒட்டுவதைவிட, அலமாரித் தட்டின் விளிம்பில் ஒட்டுவது நல்லது. டப்பாவில் இருக்கும் பெயர் உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும். விளிம்பில் இருக்கும் பெயரோ, வீட்டில் வேறு யார் எடுத்தாலும் அதை எங்கே திரும்ப வைக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

நான்காம் படி: தானியங்களும் பருப்புகளும்

பழையது தீராத டப்பாவில் புதியதைக் கொட்டாதீர்கள். அடியில் கிடந்த ஒரு பிடிப் பழைய பருப்பிலிருந்த வண்டு, மேலே கொட்டிய புதிய பருப்பு முழுவதையும் துளைத்துவிட்டதை ஒருமுறை பார்த்த பிறகுதான் இந்த வழக்கத்தை விட்டேன். டப்பாவைக் காலி செய்து, கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகே நிரப்புங்கள். வாங்கிய தேதியை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டி, பழையதை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். வண்டு அடிக்கடி வருமானால், புதிய பொட்டலத்தை −18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் 4 நாள்கள் வைத்தால் முட்டைகளும் அழிந்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் நீர்த்துளிகள் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

உருளைக்கிழங்கை வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடத்தில் வெங்காயத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: ஃப்ரிட்ஜ்

உட்புறச் சூடு 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சமைத்த உணவை 2 மணி நேரத்திற்குள் உள்ளே வைத்துவிடுங்கள். பச்சை இறைச்சியும் மீனும், கசிந்தாலும் பிறவற்றின் மேல் சொட்டாதபடி, மூடிய பாத்திரத்தில் அடித்தட்டில் இருக்கட்டும்.

ஆறாம் படி: பராமரிப்பு

இதுவரை செய்தது அரை நாள் வேலை. அது நிலைப்பது இரவில் செலவிடும் பத்து நிமிடத்தைப் பொறுத்தது: பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்ப்பது, மேடையைக் காலி செய்து துடைப்பது, தொட்டியின் வடிகட்டியில் தேங்கியதை எடுத்துக் கொட்டுவது, துடைத்த துணியை அலசி விரித்துக் காயப்போடுவது. சுருட்டி வைத்த ஈரத் துணியில் விடிவதற்குள் நாற்றம் வந்துவிடும்.

வாரத்திற்கு ஒரே ஒரு தட்டை மட்டும் எடுத்துத் துடையுங்கள். எட்டுத் தட்டுகள் உள்ள சமையலறையில் இரண்டு மாதத்திற்குள் எல்லாம் ஒரு சுற்று முடிந்துவிடும். பெரிய துப்புரவு என்று ஒரு விடுமுறை நாளை இழக்க வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை, புகைபோக்கியின் வடிதட்டைச் சுடுநீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. தொட்டியின் கீழ் அலமாரியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். குழாய் இணைப்பு மெல்லக் கசியத் தொடங்கினால், பலகை ஊறிக் கரப்பான் குடியேறும் முன்பே அந்தத் தாளில் ஈர வட்டம் தெரிந்துவிடும்.