அமெரிக்காவில் ஆயுள் காப்பீடு: பாலிசி யார் கையில்?

"காப்பீட்டுப் பணத்துக்கு வரி கிடையாது" என்று அமெரிக்காவில் பலரும் அடித்துச் சொல்வார்கள். வருமான வரிக்கு அது பெரும்பாலும் சரி. எஸ்டேட் வரி, அதாவது ஒருவர் இறந்தபின் விட்டுச்செல்லும் மொத்தச் சொத்தின் மேல் வரும் வரி, வேறு கணக்கு.

பயனாளியை மாற்றுவது, பாலிசி மேல் கடன் வாங்குவது, சரண்டர் செய்வது (பாலிசியை முடித்துப் பணமாக்குவது): இவற்றில் ஒரு உரிமை உங்களிடம் இருந்தாலே போதும், இறப்புக்குப் பின் வரும் முழுத் தொகையும் உங்கள் சொத்தோடு சேர்க்கப்படும். அந்த உரிமையை ஒருநாளும் பயன்படுத்தாவிட்டாலும் அப்படித்தான்.

2026இல் கூட்டாட்சி எஸ்டேட் வரிக்கு வரம்பு 1.5 கோடி டாலர், சொத்து அதற்குள் இருந்தால் அந்த வரி இல்லை. நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் மாசசூசெட்ஸ் மாநில எஸ்டேட் வரிக்கு வரம்பு 20 லட்சம் டாலர்தான். பாஸ்டன் பக்கம் ஒரு வீடு, ஓய்வூதியக் கணக்கு, கூடவே 10 லட்சம் டாலர் பாலிசி என்றால் எளிதாகத் தாண்டிவிடும்.

பலர் 'லிவிங் டிரஸ்ட்' (உயிரோடு இருக்கும்போதே சொத்தை வைக்கும், வழக்கமாக ரத்து செய்யக்கூடிய டிரஸ்ட்) எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நினைத்தபோது ரத்து செய்யக்கூடிய டிரஸ்ட் இந்த வரிக்கு உதவாது, கட்டுப்பாடு இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது! பாலிசி, ரத்து செய்ய முடியாத டிரஸ்ட் பெயரில் இருக்க வேண்டும், அதற்கு நீங்களே டிரஸ்டியாக (நிர்வகிப்பவராக) இருக்கக் கூடாது.

அப்புறம், இருக்கும் பாலிசியை அந்த டிரஸ்டுக்கு மாற்றிக் கொடுத்து 3 ஆண்டுகளுக்குள் இறந்தால் தொகை மறுபடி உங்கள் சொத்துக் கணக்கிலேயே சேரும். புதிதாக எடுப்பவர்கள், முதல் நாளிலிருந்தே டிரஸ்ட் பெயரில் விண்ணப்பிக்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.